ஆக்ஸ்போர்டில் யாரையும் அடைத்துவைக்கவில்லை

"இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஆண்டுக்கு 100 நாள்தான் சொந்தப் பகுதியை விட்டு வெளியே போகலாம்" என்ற செய்தி சமூக வலைதளங்களில் சுற்றியது. பொய். 2022 நவம்பரில் ஆக்ஸ்போர்டு நகரம் இருக்கும் மாவட்டத்தின் நிர்வாகமான ஆக்ஸ்போர்டுஷயர் கவுன்சில் ஒப்புதல் தந்தது, ஆறு சாலைகளில் கார்களைக் குறைக்கும் சோதனைத் திட்டத்துக்கு. தடுப்புக் கட்டை, காவலாளி எதுவும் கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், அனுமதி இல்லாத காருக்கு அபராதம் வரும், அவ்வளவுதான். பஸ், டாக்சி, வேன், சைக்கிளுக்குத் தடையில்லை. அந்த 100 நாள், உள்ளூர்க்காரர் தன் காரில் கேமராவைக் கடப்பதற்கான பாஸ். அது தீர்ந்தாலும் ரிங் ரோட்டில் சுற்றிக்கொண்டு எந்த மூலைக்கும் காரிலேயே போகலாம்.

சரி, உள்ளூரில் எதிர்ப்பே இல்லையா? நிறையவே உண்டு. சுற்றுவழியில் நேரமும் பெட்ரோலும் வீணாகும், கடைக்கு ஆள் வராது என்கிறார்கள். அது நியாயமான கவலை. சிறைக் கதை அப்படியல்ல.