அமில மண் என்றால் புளிப்பான ஒயின் என்று ஆகிவிடாது
"கிரானைட் மண் அமிலத்தன்மை கொண்டது, அதனால்தான் அதில் விளையும் திராட்சையின் ஒயின் புளிக்கிறது, பாறையின் சுவையும் வேர் வழியே ஏறிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியல்ல.

ஒயினின் புளிப்பைத் தருபவை டார்டாரிக், மாலிக் அமிலங்கள். இவற்றைத் திராட்சைக் கொடியே உருவாக்குகிறது, மண்ணிலிருந்து எடுப்பதில்லை. வெயில் காலத்தில் பழம் மாலிக் அமிலத்தை எரித்துவிடும்; அறுவடை தள்ளிப்போனால் புளிப்பு குறைவது அதனால்தான். இன்னொன்று: கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தில் பொட்டாசியம் உண்டு. அது சாற்றில் மிகுந்தால் டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து படிகமாக அடியில் தங்கிவிடும், பிஎச் ஏறும், அதாவது அமிலத்தன்மை குறையும். உங்கள் கூற்றுக்கு நேர் எதிரான விளைவு!

பாறையின் சுவை என்கிறீர்களே, கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் மணலுக்கு நீரில் கரையும் தன்மை மிகக் குறைவு, மணமும் கிடையாது. நாக்கில் தெரிய அதில் எதுவும் இல்லை.

கிரானைட்டின் உண்மையான வேலை நீர் வடிவதில் இருக்கிறது. சிதைந்த கிரானைட் பருமணலாகிறது. தண்ணீர் சட்டென வடிகிறது, சத்தும் குறைவு. கொடி இலையாகத் தழைக்காமல் அடங்கி வளரும், பழம் சிறுக்கும், தோலின் பங்கு கூடும். பிரான்சின் ஃப்ளூரி, கோர்னாஸ் தோட்டங்களில் இந்த மண்தான். பாறையில் விரிசல் இருந்தால் வேர் ஆழமாக இறங்கும். இல்லையென்றால் வறண்ட ஆண்டில் பழுப்பதே நின்றுவிடும். ஆகவே நடுவதற்கு முன் ஒன்றரை மீட்டர் குழி வெட்டிப் பாருங்கள்.

மண்ணின் அமிலம் பாதிப்பது வேரைத்தான். பிஎச் 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனி கருகும். அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்பை நடுவதற்கு முன்பே ஆழ உழுது கலக்க வேண்டும். மேலே தூவினால் கீழே இறங்கப் பல ஆண்டுகள் ஆகும்.