‘வெட்டிட்டேன்’னு எழுதாதீங்க, ‘வெட்டப் பாக்குறேன்’னு எழுதுங்க

டிஸ்கார்டுலயும் டெலிகிராம்லயும் கதாபாத்திர விளையாட்டு (ஆளுக்கொரு கதாபாத்திரமா மாறி, கதையையும் சண்டையையும் எழுதியே ஆடுறது) ஆடுற நம்ம மதுரை குரூப்புகள்ல பயிற்சிச் சண்டைக்கு மரியாதையே கிடையாது. "அது எதுக்கு மாப்ள, நேரா கதைக்குப் போவோம்"ங்கிறாங்க. சிலம்பத்துல சேர்ந்த அன்னைக்கே கம்பைக் கொடுத்து எந்த ஆசானும் மோத விடமாட்டார், முதல்ல காலடி. சாட்ல காலடின்னா எழுதுற முறைதான்.

"உன் கைய வெட்டிட்டேன்." அடுத்தவர் கதாபாத்திரத்துக்கு என்ன ஆச்சுன்னு முடிவு பண்ண நீங்க யாரு? "வலது தோளைப் பார்த்து வாளை இறக்குறேன்"னு எழுதி, அதோட நிறுத்தி, பகடைக் காயை உருட்டுங்க. பட்டுச்சா இல்லையான்னு காய் சொல்லும். எப்படிப் பட்டுச்சுன்னு அடி வாங்குனவர் எழுதுவார். குறி முன்னாடி, காய் பின்னாடி. 18 விழுந்ததும் "கழுத்துக்குத்தான் வீசுனேன்", 3 விழுந்தா "சும்மா மிரட்டுனேன்". குரூப்ல வர்ற முக்கால்வாசித் தகராறு இதுலதான் ஆரம்பிக்குது.

இப்ப கணக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டோட ஐந்தாம் பதிப்பு முறைன்னு வச்சுக்குவோம். 1டி20+5னா இருபது முகக் காய் ஒண்ணு, விழுந்ததோட 5 கூட்டணும். கூட்டுன தொகை எதிராளியோட கவச எண்ணைத் தொட்டா அடி பட்டதா கணக்கு. கவச எண் 14னா 9க்கு மேல எது விழுந்தாலும் அடி படும், 9ம் சேர்த்தி. 20ல 12 வாய்ப்பு, 60 சதவீதம். சேதம் 1டி8+3, சராசரி 7.5. தவறுற அடியையும் சேர்த்துப் பார்த்தா ஒரு வீச்சுக்கு சுமார் நாலரைதான். 22 உயிர்ப்புள்ளி உள்ளவரைச் சாய்க்க அஞ்சு சுற்று ஆகும். ஆளுக்கு மூணு நிமிஷம் டைப் அடிச்சா அரைமணி நேரம் காலி. அதனால பயிற்சியில பாதி உயிர் போனதும் நிறுத்திருங்க. அடிக்கும் சேதத்துக்கும் ஒரே மெசேஜ்ல உருட்டுங்க, தவறுனா சேதத்தைக் கண்டுக்க வேணாம். சுத்தமா 20 விழுந்தா இரட்டிப்பாகுறது சேதக் காய் மட்டும்தான். அந்த +3ஐயும் ரெட்டிக்கிறவங்க நம்மள்ல நிறைய பேர்.

சேதத்துக்கு 1டி12 உருட்டுனாலும் 2டி6 (ஆறு முகக் காய் ரெண்டு) உருட்டுனாலும் ஒண்ணுதானேன்னு கேப்பாங்க. வீட்ல பித்தளைத் தாயக்கட்டை இருந்தா எடுத்து உருட்டிப் பாருங்க. ஒவ்வொரு கட்டையிலயும் 0, 1, 2, 3. ரெண்டையும் சேர்த்து உருட்டுனா 16 விதமா விழும். அதுல 3ங்கிற எண் நாலு விதத்துல வரும், தாயம் (அதாவது 1) ரெண்டு விதத்துல, பன்னெண்டு (ரெண்டு கட்டையிலயும் 0) ஒரே விதத்துல. அப்பத்தா தாயத்துக்குக் காத்துக்கிட்டே கெடக்குறது சும்மா இல்ல. ரெண்டு காய் சேர்ந்தா நடு எண்தான் அடிக்கடி வரும். 2டி6ல 12 விழ 36ல ஒரு வாய்ப்பு, 1டி12ல 12ல ஒண்ணு. நின்னு அடிக்கிற ஆளுக்கு 2டி6, ஒரே வெட்டுல முடிக்கணும்னு துடிக்கிறவருக்கு 1டி12.

இன்னொரு பொறி, தொடர் உருட்டல். பாலமேடு வாடிவாசல் காட்சி வைக்கிறீங்க, மூணு துள்ளலுக்குத் திமிலை விடாமப் பிடிக்கணும். ஒவ்வொரு துள்ளலுக்கும் 65 சதவீதம்னா தாராளம்னு தோணும். மூணும் தொடர்ந்து ஜெயிக்க 27 சதவீதம்தான். ஆட்டத்தை நடத்துறவர் இதைப் பயிற்சியிலயே உருட்டிப் பார்த்திருந்தா இலக்கைக் குறைச்சிருப்பார். கதை நடுவுல மாட்டுனா நாலு வீரர்ல சுமார் மூணு பேர் மண்ணக் கவ்வுவாங்க.

உருட்டுறது எல்லாரும் பாக்குற இடத்துல இருக்கணும். டிஸ்கார்டுல பகடை உருட்டித் தர்ற அவ்ரே பாட் போதும். டெலிகிராம்ல பகடை எமோஜி அனுப்புனா எண்ணை அவங்க சர்வரே போடும், ஆனா ஆறு முகம் மட்டும்தான். அதோட அங்க மெசேஜை அழிச்சா தடமே இருக்காது. பிடிக்காத எண்ணை அழிச்சுட்டுத் திரும்ப உருட்டுறது ரொம்ப சுலபம். அதனால உருட்டுன உடனே எதிராளி அந்த எண்ணைத் திருப்பி டைப் பண்ணணும். வாட்ஸ்அப்ல பகடையே கிடையாது, வீட்ல உருட்டி எண்ணைச் சொல்றது முழுக்க நம்பிக்கை. பயிற்சிக்குச் சரி, உயிர் போற சண்டைக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

கரண்ட் போயிருச்சு, நெட் போயிருச்சுன்னு ஆள் காணாமப் போவாங்க. அதுக்கும் முன்னாடியே பேசி வைங்க: அஞ்சு நிமிஷம் பதில் இல்லன்னா அவர் அந்தச் சுற்றுல தற்காப்புல நிக்கிறார்னு கணக்கு. அவரை அடிக்கிறவர் ரெண்டு இருபது முகக் காய் உருட்டி, குறைஞ்சதை எடுத்துக்கணும்.