ஆளில்லாத கடலுக்கு முழுத் தடை, ஆளிருக்கும் கடலுக்கு அரைத் தடை

கப்பலில் இன்ஜினியராக இருக்கும் நண்பன் ஒருமுறை சொன்னான்: "எங்க கப்பல் குடிக்கிறது எண்ணெய் இல்லடா, தாரு." பெரிய மிகை ஒன்றும் இல்லை. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கசடுதான் இந்த பர்னஸ் ஆயில். மலிவு என்பதால் பெரிய கப்பல்கள் பல காலமாக இதில்தான் ஓடுகின்றன. டேங்கிலேயே நாற்பது, ஐம்பது டிகிரிக்குச் சூடாக்கி வைக்காவிட்டால் பம்ப் இழுக்காது. இன்ஜினுக்குள் போகும்போது நூறு டிகிரிக்கும் மேல் இருக்க வேண்டும்.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கொட்டியதும் இதே சரக்குதான். வெதுவெதுப்பான வங்கக் கடல், பக்கத்திலேயே சென்னை, கூப்பிட்டால் ஓடிவர எத்தனையோ பேர். அப்படியும் வாளியில்தான் அள்ளினோம்.

வட துருவத்து ஆர்க்டிக் கடலில் கொட்டினால் வாளிக்கும் வழியில்லை. குளிரில் எண்ணெய் இறுகிக் கட்டி கட்டியாகிறது. ஆவியாவதும் மிகக் குறைவு. அலை கடையக் கடையத் தண்ணீரை உள்ளிழுத்து உப்புகிறது. எண்ணெய் பரவாமல் இருக்கப் பனிக்கட்டிகளுக்கு நடுவே மிதவைத் தடுப்பு போட்டால் நிற்காது. பனித்தட்டின் அடியில் புகுந்துவிட்டால், பனி அதைச் சுற்றி உறைந்து உள்ளேயே வைத்து மூடிவிடும். பிறகு பனி நகரும் இடமெல்லாம் எண்ணெயும் போகும். பறவைகள் திரும்பி வருகிற வசந்தத்தில், பனி உருகும்போது, மெல்ல வெளியே வரும். குளிர்காலத்தில் இருட்டு வேறு.

2004 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். செலண்டாங் ஆயு என்ற சரக்குக் கப்பல் சியாட்டிலில் சோயா ஏற்றிக்கொண்டு சீனாவுக்குக் கிளம்பியது. கப்பலில் இருந்தவர்கள் இந்தியர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும். அலாஸ்காவின் அலூஷியன் தீவுகள் அருகே இன்ஜின் நின்றுபோனது. இழுக்க வந்த படகின் வடம் அறுந்தது. உனலாஸ்கா தீவில் தரைதட்டி, கப்பல் இரண்டாக உடைந்தது. மீட்க வந்த ஹெலிகாப்டரை அலை வாரிப் போட்டதில் கப்பல்காரர்கள் ஆறு பேர் இறந்துபோனார்கள். ஏறக்குறைய 13 லட்சம் லிட்டர் எரிபொருள் கடலில் கலந்தது. சுத்தம் செய்யும் வேலை 2006 வரை இழுத்தது. இத்தனைக்கும் அது உறைந்த கடல்கூட இல்லை. டச்சு ஹார்பர் மீன்பிடித் துறைமுகம் அந்தத் தீவை ஒட்டியே இருக்கிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அண்டார்டிக்காவில் இந்த எண்ணெயை எரிக்கவும் கூடாது, ஏற்றிச் செல்லவும் கூடாது என்ற சர்வதேச கடல்சார் அமைப்பின் தடை 2011 ஆகஸ்டிலேயே அமலுக்கு வந்துவிட்டது. ஆர்க்டிக்குக்கு 2024 ஜூலை வரை ஆனது. அதிலும் எரிபொருள் டேங்குக்கு இரட்டைச் சுவர் இருந்தால் 2029 ஜூலை வரை விலக்கு. கரையோர நாடுகள் தங்கள் கடலில் ஓடும், தங்கள் நாட்டிலேயே பதிவான கப்பல்களுக்கும் அதுவரை தளர்வு தரலாம். 2019-ல் ஓடிய கப்பல்களை வைத்து, தூய்மையான போக்குவரத்துக்கான சர்வதேச கவுன்சில் கணக்குப் போட்டுப் பார்த்தது. இந்த விலக்குகளோடு தடை அப்போதே இருந்திருந்தால், எரித்த கசடு எண்ணெயில் 16 சதவீதம்தான் குறைந்திருக்குமாம். வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலைப் பூட்டியிருக்கிறார்கள்.

இரட்டைச் சுவர் சின்ன மோதலைத் தாங்கும், மறுக்கவில்லை. பாறையில் ஏறி இரண்டாகப் பிளக்கிற கப்பலை அது என்ன செய்யும்?

எனக்கு உறுத்துவது வேறு. அண்டார்டிக்காவில் ஊரே கிடையாது. ஆர்க்டிக் கரையில் இன்யூட் மக்கள் சீலும் திமிங்கிலமும் வேட்டையாடிச் சாப்பிட்டு வாழ்கிறார்கள். அவர்களுக்குக் கடல்தான் வயல். பென்குவினுக்குக் கிடைத்த முழுத் தடை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தெற்கே சரக்குப் பாதை இல்லை; வடக்கே எரிவாயு இருக்கிறது, தாது இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஊர்களுக்கு மாவும் மளிகையும் கொண்டுவருவதும் கப்பல்தானே, எண்ணெயை மாற்றினால் விலை ஏறாதா என்று கேட்பார்கள். ஏறும். வட கனடாவில் மளிகை விலை இப்போதே பயமுறுத்துகிறது. அப்படியென்றால் அந்தக் கப்பல்களுக்கு மட்டும் கூடுதல் செலவை அரசு ஏற்கட்டும். அவற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு தாதுக் கப்பலும் ஏன் கூடவே நுழைய வேண்டும்?

நார்வே 2029-க்காகக் காத்திருக்கவில்லை. ஆர்க்டிக்கில் தனக்குள்ள ஸ்வால்பார்டு தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் 2022 ஜனவரியிலேயே இந்த எண்ணெய்க்குத் தடை போட்டுவிட்டது. அங்கே கப்பல் போக்குவரத்து ஒன்றும் நின்றுவிடவில்லை.