கேப்பு இல்லையென்றால் துப்பாக்கி வெறும் குழாய்தான்

"அண்ணே, 11ஆம் நம்பர் கேப்பு எங்கயாவது கிடைக்குமா? என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கிறேன்." நேற்று இரவு ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார். ஆசை ஆசையாகத் துப்பாக்கி வாங்கிவிட்டார். கரிமருந்து இருக்கிறது, ஈயக் குண்டு இருக்கிறது, குண்டைச் சுற்றும் துணித்துண்டுகூட அளவாக வெட்டி வைத்திருக்கிறார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு செப்புத் தொப்பி, அதாவது அந்த 11ஆம் நம்பர் அளவுக் கேப்பு மட்டும் இல்லை. ஐந்து வாரமாகத் துப்பாக்கி சுவரில் தொங்குகிறதாம். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. சரி, எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டுக் கோலால் கெட்டிக்கும் துப்பாக்கி இது. பின்பக்கம் ஒரு காம்பு இருக்கும், அதன் நடுவே ஊசித் துளை. அந்தக் காம்பின் தலையில் கேப்பை மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் குதிரை என்னும் சின்னச் சுத்தியல் கேப்பின் மேல் விழும், உள்ளே ஒட்டியிருக்கும் துளி ரசாயனம் வெடிக்கும், தீ துளை வழியே இறங்கி மருந்தைப் பற்றவைக்கும். ஒரு முறைக்கு ஒரு கேப்பு. வெடித்தது மறுபடி உதவாது.

இந்தச் சின்னப் பொருள் வந்தபோது எவ்வளவு பெரிய மாற்றம் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு முன் சிக்கிமுக்கிக் கல்லின் பொறிதான் மருந்தைப் பற்றவைத்தது. 1807இல் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கல் துப்பாக்கியின் பற்றுவாயில் மின்னும் தீயைப் பார்த்தே நீர்ப்பறவைகள் குண்டு வருவதற்குள் முங்கிவிடுகின்றன என்பதுதான் அவருடைய கவலை. செப்புத் தொப்பி அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. 1834இல் இங்கிலாந்தில் உல்விச்சில் இரண்டையும் 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். கல் துப்பாக்கி 922 முறை பொய்த்தது, கேப்புத் துப்பாக்கி 36 முறைதான்.

இன்னொரு சம்பவம் எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். 1841 மே மாதம், பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் நடந்த முதல் அபினிப் போர். சீனாவின் கான்டன் நகருக்கு வெளியே பிரிட்டிஷ் தரப்பின் மதராஸ் 37ஆவது காலாட்படையின் ஒரு கம்பெனி கொட்டும் மழையில் தனியே மாட்டிக்கொண்டது. நம் ஊர்ப் பக்கத்துச் சிப்பாய்கள். கையில் இருந்தவை கல் துப்பாக்கிகள், மருந்து நனைந்து எதுவும் வெடிக்கவில்லை. துப்பாக்கி முனையில் செருகிய கத்தியை மட்டும் நம்பிச் சதுரமாக நின்றார்கள். இருட்டிய பின் அவர்களைத் தேடி மீட்டது கேப்புத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள். மழையிலும் அது வெடித்தது.

அப்பேர்ப்பட்ட பொருள் ஏன் இன்று கிடைக்கமாட்டேன் என்கிறது? பலர் கடைக்காரரைத் திட்டுகிறார்கள். அவர் பாவம். சிக்கல் ஆலையில் இருக்கிறது. கேப்பு செய்யும் ஆலைகள்தாம் இன்றைய தோட்டாக்களின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரையும் செய்கின்றன. ரசாயனம் கலப்பவர்களும் அதே ஆட்கள். பிரைமர் கோடிக்கணக்கில் விற்கும், கேப்பு அதன் ஓரத்தில் ஒரு துளி. தோட்டாவுக்குக் கிராக்கி ஏறினால் முதலில் நிற்பது கேப்பு. 2020இல் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. கொரோனா, அதோடு ஜனங்கள் தோட்டா வாங்கிக் குவித்தது, அதே ஆண்டு துப்பாக்கியும் தோட்டாவும் செய்த ரெமிங்டன் நிறுவனம் திவாலாகி அதன் தோட்டா ஆலை கைமாறியது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. சி.சி.ஐ., ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர் என்று பிரைமர் செய்த நான்கு பெரிய பெயர்களில் மூன்று ஒரே முதலாளியின் கைக்குப் போயின. ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். கேப்பு இன்னும் நல்ல சரக்குதான். ஆனால் இதெல்லாம் வெடிபொருள் கணக்கில் வருவதால் தனி மூட்டை, தனிக் கட்டணம், தனிக் காகிதம். ஒரு டப்பா வாங்கினாலும் பத்து டப்பா வாங்கினாலும் அந்த அனுப்புக் கட்டணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு டப்பா மட்டும் வாங்குகிறவருக்குச் சரக்கைவிடச் செலவு பெரிதாகிவிடுகிறது.

அதனால்தான் கிடைக்கும்போது அள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது, 2021இல் தேவைக்கு மேல் வாங்கினேன், இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நான் அடுக்கி வைத்த டப்பா ஒவ்வொன்றும் யாரோ ஒரு புதியவர் வெறுங்கையோடு திரும்பிய நாள். வாங்கிப் பதுக்கி இரண்டு மடங்குக்கு விற்கிறவர்களை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

உண்மையான தட்டுப்பாடு எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் சாட்சி. 1863 இறுதியில் டென்னசியின் டக்டவுன் செப்புச் சுரங்கம் தென்மாநிலங்களின் கையைவிட்டுப் போனது. வெண்கலப் பீரங்கி வார்ப்பதை நிறுத்தி, இருந்த செம்பையெல்லாம் கேப்புக்கு ஒதுக்கினார்கள். வட கரோலினாவில் டர்பன்டைனும் ஆப்பிள் பிராந்தியும் காய்ச்சிய செப்புப் பாத்திரங்களைத் தேடிப் பிடித்து வெட்டினார்கள்.

கிடைக்கவில்லையே என்று கண்ட கேப்பை மாட்டுவதும் ஆபத்து. 11ஆம் நம்பர் என்று போட்டிருந்தாலும் ஒருவர் செய்தது போல் இன்னொருவர் செய்தது இருக்காது. போன மாதம் பெயர் தெரியாத ஒரு டப்பாவிலிருந்து எடுத்து மாட்டினேன், பாதியிலேயே இறுகி நின்றது. குதிரை விழுந்தது, 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முதல் அடி கேப்பைக் கீழே இறக்க மட்டும்தான் உதவியது. குழலை இலக்கிலிருந்து எடுக்காமல் ஒரு நிமிடம் முழுதாக நின்றேன். தாமதமாக வெடித்து ஆள் காயம்பட்ட கதைகள் உண்டு, அந்த ஒரு நிமிடத்தை யாரும் குறைக்காதீர்கள். இரண்டாவது அடியில் வெடித்தது. பொம்மைத் துப்பாக்கிக் கேப்பைப் பிரித்து வீட்டிலேயே செய்யலாம் என்று சொல்கிறவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். விரல் போனால் திரும்பாது.

209 பிரைமர் போடும் புதுவகைத் துப்பாக்கி வாங்கினால் கவலையில்லை என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். அது ஷாட்கன் தோட்டாவுக்கான பிரைமர். ஆலைக்குத் தன் தோட்டாவுக்கே போதாதபோது நமக்கு எங்கே வரும்?

என் மனம் இப்போது கல்லின் பக்கம்தான். நல்ல சிக்கிமுக்கிக் கல் ஒன்று எனக்கு 30, 40 முறை சுடக் கொடுக்கிறது. முனை மழுங்கினால் விளிம்பை மெல்லத் தட்டி மறுபடி கூராக்கலாம். ஒரு துண்டுத் தோலில் சுற்றிக் குதிரையின் வாயில் இறுக்கிவிட்டால், எஃகுத் தகட்டைச் சுரண்டிக்கொண்டு இறங்கும்போது பொறி கொத்தாகக் கொட்டும். எரிவது கல் அல்ல, கல் சீவிய எஃகுத் துகள். இங்கிலாந்தின் பிராண்டன் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சுத்தியலால் இந்தக் கல்லை உடைத்தார்கள், அந்தத் தூசியை மூச்சில் இழுத்தே நுரையீரல் கெட்டுச் செத்தவர்கள் பலர். மலிவான கல் என்று சொல்லும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

கல்லிலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கக் கூடாது. பைரோடெக்ஸ் மாதிரி மாற்று மருந்துகள் கல்லின் பொறிக்குச் சரியாகப் பற்றாது, அசல் கரிமருந்துதான் வேண்டும். 2021இல் அமெரிக்காவில் கரிமருந்து செய்யும் கோயெக்ஸ் ஆலையை மூடுவதாக அறிவித்தபோது கல் துப்பாக்கிக்காரர்கள் எல்லோரும் பதறிப்போனோம். அடுத்த ஆண்டு எஸ்டஸ் நிறுவனம் அதை வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

ஆலைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய உதவி இல்லை. வருடத்துக்கு ஒரு முறை கேப்பு செய்தாலும் போதும், எந்த மாதம் வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நாள் தெரிந்தால் யாரும் பதறி அள்ளமாட்டார்கள்.

தம்பிக்குப் பதில்: ஞாயிற்றுக்கிழமை காலை சுடுதளத்துக்குத் துப்பாக்கியோடு வந்துவிடுங்கள். எண்ணிப் பார்த்தேன், திறந்த டப்பாவில் 61 இருக்கிறது. அதில் 15 உங்களுக்கு. அது முடிந்ததும் என் கல் துப்பாக்கியைப் பிடித்துப் பாருங்கள், இரண்டு புதுக் கல் எடுத்து வைத்திருக்கிறேன்.