சூனியக்காரி கையில் செல்போனைக் கொடுத்தால் மட்டும் போதாது

மாயப்புனைவு எழுதும் நண்பர்களுக்காக இது. மந்திரக்காரிகளின் குலம் ஒன்றைக் கற்பனையில் உருவாக்கி இந்தக் காலத்துக்குக் கொண்டுவரும்போது பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மை தடவிய வெற்றிலைக்குப் பதில் செல்போன் திரை, ஓலைச்சுவடிக்குப் பதில் பிடிஎஃப். பொருள் மட்டும் மாறுகிறது, சடங்கு அப்படியே நிற்கிறது. புதுப்பொருள் உள்ளே வந்தால் பழைய விதி ஒன்றாவது உடையணும். உடைந்த இடத்தில்தான் கதை இருக்கிறது.

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பாருங்கள். தனக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டதாக நம்பியவர்கள் அதை வைத்தவர் மேலேயே திருப்பிவிட ஒரு குப்பி தயாரித்தார்கள். 1671-இல் ஜோதிடர் ஜோசப் பிளாக்ரேவ் எழுதிய முறை இது: பாதிக்கப்பட்டவரின் சிறுநீர், மூன்று ஆணி அல்லது ஊசி, கொஞ்சம் வெள்ளை உப்பு. இறுக மூடி, சூடு ஆறாமல் வைத்திருக்கணும். சூனியம் வைத்தவருக்கு நீர் பிரியாமல் வேதனை எடுக்கும் என்பது கணக்கு.

ஆனால் வாயடைத்த குப்பியை நெருப்பில் வைத்தால் உள்ளே நீராவி சும்மா இருக்குமா? 1681-இல் அச்சான, பாதிரியார் ஜோசப் கிளான்வில்லின் நூலில் ஒரு சம்பவம் வருகிறது. நோயில் கிடந்த மனைவிக்காக, ஒருவர் சொன்ன யோசனைப்படி கணவர் குப்பியை நெருப்பில் வைக்கிறார். தக்கை பிய்த்துக்கொண்டு, துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தத்தோடு ஆணியும் ஊசியும் வெளியே பறந்தன, மனைவிக்கோ குணமாகவில்லை. யோசனை சொன்னவர் மறுபடி வந்து, இந்த முறை மண்ணில் புதைக்கச் சொல்கிறார். செய்முறை தோற்ற இடத்திலேயே புது விதி பிறந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இதையே உங்கள் குலத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆறாவது மாடி வீடு, இண்டக்‌ஷன் அடுப்பு. கண்ணாடிக் குப்பியோ பீங்கான் ஜாடியோ அதில் சூடாகாது. பிளாஸ்டிக் பாட்டிலைக் கொதிதண்ணீரில் இறக்கினால் நெளிந்துவிடும். காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரம்தான் வேண்டும், அதாவது இரும்போ இரும்பு கலந்ததோ. இரும்பைக் கண்டால் கெட்டது அண்டாது என்ற நம்பிக்கை ஐரோப்பாவிலும் உண்டு, நம்மூரிலும் உண்டு. அப்படியானால் இரும்புச் சட்டியில் கொதிக்கும் மந்திரம் வெளியே போகுமா, சட்டிக்குள்ளேயே கட்டுண்டு கிடக்குமா? பாட்டி ஒன்று சொல்வாள், பேத்தி வேறொன்று சொல்வாள். ஒரு அடுப்பு மாறியதில் குலமே இரண்டாகப் பிரியலாம்.

ஆணியையும் கவனியுங்கள். துருப்பிடிப்பதுதான் மந்திரம் வேலை செய்வதற்கு அடையாளம் என்று உங்கள் குலத்தில் ஒரு விதி இருந்தால், எவர்சில்வர் ஆணி வந்த அன்றே அடையாளம் போச்சு. வேலை செய்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. புதைக்க மண்ணும் கிடையாது; பூந்தொட்டியில் புதைத்தால் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது தொட்டியும் கூடவே லாரி ஏறிவிடும்.

புதுப்பொருளுக்குச் சடங்கில் வேலை கொடுக்க நம் சனங்களுக்கு நன்றாகத் தெரியும். புது கார் வந்தால் நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். நசுக்குவது மனிதக் கால் இல்லை, வண்டியே தன் திருஷ்டியைத் தானே நசுக்கிக்கொண்டு கிளம்புகிறது.

கடைசியாக, உள்ளே ஊற்றும் சிறுநீர். 2004-இல் லண்டன் கிரீனிச்சில் மூடி திறக்காத 17-ஆம் நூற்றாண்டு ஜாடி ஒன்று தலைகீழாகப் புதைந்து கிடைத்தது. உள்ளே இரும்பு ஆணிகள், பித்தளை ஊசிகள், முடி, வெட்டிய நகங்கள், கந்தகம், ஆணி குத்திய இதய வடிவத் தோல் துண்டு. சிறுநீரைச் சோதித்ததில் நிக்கோட்டினின் தடயம், ஆள் புகைபிடிப்பவர். அன்றைக்குப் புதிதாக வந்த புகையிலை அவருக்கே தெரியாமல் மந்திரத்துக்குள் போய்விட்டது. இன்றைக்கு மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை போடுபவரின் சிறுநீரில் அந்த மருந்து சிதையாமல் அப்படியே வெளியே வரும். அந்தக் குப்பியில் இருப்பது அவர் உடம்பா, மருந்தா? காலையில் மாத்திரை போடுவதற்கு முன்பு பிடித்த நீர்தான் வேண்டும் என்று பாட்டி கறாராகச் சொல்வாளா? அந்தக் காட்சியை யாராவது எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.