பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்த கேப்டன்

1999 உலகக் கோப்பை அரையிறுதி, இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டன் மைதானம், ஆஸ்திரேலியாவும் தென் ஆப்பிரிக்காவும். குளூஸ்னர் ஓடி வந்துவிட்டார், டொனால்டு மட்டையை நழுவவிட்டுத் தடுமாறுகிறார், ரன் அவுட், ஆட்டம் டை. வீட்டில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தோம். அப்பா மட்டும் டிவியில் தெரிந்த அம்பயரைக் காட்டி, "இவர் யாருன்னு தெரியுமா? நம்ம வெங்கட்ராகவன். இந்தியாவுக்குக் கேப்டனா இருந்தவர்டா" என்றார். அன்று எனக்கு அது புரியவில்லை. கேப்டனாக இருந்தவர் எதற்கு வெயிலில் நின்று மற்றவர்களின் தொப்பியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது.

பிறகு படிக்கப் படிக்கத்தான் அந்த மனிதர்மீது மரியாதை கூடிக்கொண்டே போனது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1965-ல், 19 வயதில், நியூசிலாந்துக்கு எதிராக டெல்லியில் ஒரே டெஸ்டில் 12 விக்கெட். அப்படித் தொடங்கியவருக்கு அணியில் நிரந்தர இடம் கிடைக்கவே இல்லை. அதே அணியில் இருந்த பிரசன்னாவும் இவரைப் போலவே ஆஃப் ஸ்பின்னர். இருவரில் யாருக்கு வாய்ப்பு என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. 57 டெஸ்ட், 156 விக்கெட்.

1974-ல் வெஸ்ட் இண்டீசுக்கு எதிரான டெல்லி டெஸ்டுக்கு அவர்தான் கேப்டன். அடுத்த டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள்! நேற்றுவரை ஃபீல்டிங் அமைத்தவர் இன்று தண்ணீர் கொண்டுபோகிறார். 1979-ல் இங்கிலாந்துத் தொடரில் மறுபடியும் அவர்தான் கேப்டன். ஓவலில் 438 ரன் இலக்கு, 429 வரை போய் டிரா. ஊர் திரும்பும் விமானத்தில், இனி கவாஸ்கர்தான் கேப்டன் என்று பைலட் அறிவித்தார். பக்கத்து இருக்கைகளில் அவருடைய வீரர்கள். அந்த மீதிப் பயணத்தை அவர் எப்படிக் கழித்திருப்பார் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

வேறு யாராவது இருந்தால் கிரிக்கெட்டே வேண்டாம் என்று போயிருப்பார்கள். இவர் 1983 வரை, மற்றவர்களின் தலைமையில் ஆடினார். அப்புறம் 1993-ல் அம்பயராக டெஸ்ட் மைதானத்துக்குத் திரும்பி வந்தார். 73 டெஸ்ட். ஆடியதைவிட அதிகம்! 2002-ல் ஐசிசி, சிறந்த சர்வதேச அம்பயர்களைக் கொண்ட எலைட் குழுவை அமைத்தபோது அதிலும் இருந்தார். அம்பயரின் தீர்ப்பை வீடியோவில் சரிபார்க்கும் டிஆர்எஸ் இல்லாத காலம் அது. எல்பிடபிள்யூ கேட்டுப் பதினோரு பேர் கத்துவார்கள், பந்து எங்கே விழுந்தது, எங்கே பட்டது, ஸ்டம்பில் படுமா என்று தன் கண்ணை நம்பி ஒரு நொடியில் சொல்லியாக வேண்டும். சரியாகச் சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள். ஒன்று தப்பினால் காலத்துக்கும் பேசுவார்கள்.

ஓய்வுக்குப் பிறகு வர்ணனைக்கும் பயிற்சிக்கும் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய வேறு யாரும் அந்த எலைட் குழுவுக்கு இதுவரை வரவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. எத்தனை ஆயிரம் பந்துகளைக் கிட்டத்தில் பார்த்த கண்கள் அவை! ஓய்வு பெறும் வீரர்களைக் கிரிக்கெட் வாரியம் கூப்பிட்டுப் பேச வேண்டும், நல்ல சம்பளம் கொடுத்து இந்த வேலைக்குக் கொண்டுவர வேண்டும்.

வெங்கட் என்றால் அந்த விமானக் கதையை மட்டும் சொல்லி 'பாவம்' என்று முடித்துவிடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த 73 டெஸ்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.