அந்தம்மா கேட்டது சோறும் மீன்கறியும்தான்

கடலோர ஹோட்டல் ஒண்டில ஒரு அம்மா சோறும் மீன்கறியும் கேக்க, வெயிட்டர் இல்ல எண்டு சொல்ற அந்த வீடியோ மூணு நாளா எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல வந்திருக்கும், அதால முழுக்கதையையும் திரும்பச் சொல்லல்ல. ஹோட்டல்ட பேரை நான் எழுதமாட்டன், கொமன்ட்ல ஆரும் போடவும் வேணாம். அந்த வெயிட்டர் தம்பியில எனக்குக் கோவமில்ல, சொல்லிக் குடுத்ததத்தான் அவர் சொன்னார், "லோக்கல் சாப்பாடு எண்டா முதல் நாளே ஓடர் பண்ணணும் அம்மா" எண்டு. எனக்கு நெஞ்சில குத்தினது வீடியோவுக்குக் கீழ நம்மட ஆக்கள் எழுதினதுதான். "சோறும் மீன்கறியும் தின்னவா ஹோட்டலுக்குப் போற, அதுக்கு வீட்டிலயே இருக்கலாமே" எண்டு எழுதி, அதுக்கு இத்தின பேர் சிரிப்பு போட்டு, அதுல என்னோட படிச்ச ரெண்டு பேரும் இருக்காங்க.

கடலுக்கு முன்னால இருந்துகொண்டு அந்தம்மா கேட்டது சோறும் மீன்கறியும். விடிய நம்மட மட்டக்களப்பு வாழைச்சேனையில மீன் வந்து இறங்குது, நாட்டுக்கே நெல் குடுக்கிற அம்பாறை பக்கத்தில கிடக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவில நிக்கிற ஒரு ஹோட்டல்ல சோத்துக்கு ஒரு நாள் முந்திச் சொல்லணும், பாஸ்டாவுக்குச் சொல்லத் தேவையில்ல. இதுல பிழை அந்தம்மாட பக்கமா?

போன வருசம் தம்பி கட்டாரில இருந்து வந்த நேரம் அம்மாவ ஒரு நாளாவது பெரிய ஹோட்டல்ல வச்சிருக்கணும் எண்டு ஆசப்பட்டு ரூம் போட்டான். இது வேற ஹோட்டல். அம்மா முதல் நாளே சீலை அயன் பண்ணி வச்சிட்டா. உள்ள போனா, கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில சுவர் இல்ல, கண்ணாடி. கதவும் இல்ல, தள்ளுற பலகை ஒண்டு, அதுவும் முழுசா மூடாது. ஏன் இப்பிடிக் கட்டுறாங்க எண்டு பிறகு தம்பிதான் சொன்னான், அவன் அங்க ஹோட்டல்லதான் வேல. சின்ன ரூம் பெருசாத் தெரியுமாம், உள்ளுக்கு வெளிச்சம் வருமாம், சுவர் வச்சுக் கதவு போடுறதவிட இடமும் மிச்சமாம், போட்டோல வடிவா இருக்குமாம். சரி, அதெல்லாம் உண்மைதான். ஆனா அம்மா அண்டைக்கு முழுக்கக் குளிக்கல்ல. இரவு நாங்க எல்லாரும் பல்கனிக்குப் போய்க் கதவச் சாத்தின பிறகுதான் லைட்டையும் நூத்திட்டு இருட்டில குளிச்சா. எழுபது வயசு மனிசி, புது இடம், வழுக்கிற தரை. நான் வெளியில நிண்டுகொண்டு தண்ணிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நிண்டன்.

சாப்பிடப் போனா மெனு இல்ல, மேசையில ஒரு கியூஆர் கோட். கொரோனா நேரம் ஒருத்தர் தொட்டத மத்தவர் தொடக்கூடாது எண்டு வந்த பழக்கம் அது, அப்ப தேவதான், இப்பயும் ஏன்? அம்மாட்ட இருக்கிறது பட்டன் போன். கடதாசியில ஒரு மெனு கேட்டம், இல்ல எண்டாங்க. கடைசியா நான் வாசிக்க வாசிக்க அம்மா எல்லாத்துக்கும் "உனக்கு விருப்பமானத எடு மனே" எண்டா. அவவுக்கு விருப்பமானது அதுல இல்ல, அதச் சொன்னா தம்பிட மனம் நோகும் எண்டு அவ சொல்லல்ல. அந்த வீடியோல இருக்கிற அம்மா வாய் திறந்து கேட்டுட்டா, என்ட அம்மா கேக்கல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாத்தையும் பிழை எண்டு சொல்ல நான் வரல்ல. பாத்ரூம்ல குட்டிக் குட்டி ஷாம்பு போத்தல எடுத்துட்டு சுவர்ல பெரிய போத்தல் வைக்கிறாங்களே, அது நல்ல விசயம். 2019ல மேரியட் எண்ட பெரிய ஹோட்டல் கொம்பனி அத உலகம் முழுக்கக் கொண்டுவாறம் எண்டு சொல்லேக்க வருசத்துக்கு 50 கோடி குட்டிப் போத்தல் குறையும் எண்டாங்க. நம்மட வாவியிலயும் கடக்கரையிலயும் ஒதுங்கிற பிளாஸ்டிக்கப் பாத்தவனுக்கு அதுட அரும தெரியும். மாற்றம் வேணாம் எண்டு ஆர் சொன்ன? வந்து தங்கிற மனிசர நினச்சுக் கட்டுங்க எண்டுதான் சொல்றன்.

"வெளிநாட்டுக்காரன்தான் கஸ்டமர், அவனுக்கு ஏத்த மாதிரித்தான் கட்டுவாங்க" எண்டு ஒருத்தர் இன்பொக்ஸ்ல வந்து பாடம் எடுத்தார். 2020 மார்ச்ல கொரோனாவால விமான நிலையத்த மூடினாங்க, 2021 ஜனவரியில திறக்கும் மட்டும் அந்த வெளிநாட்டுக்காரர் வரல்ல எண்டே சொல்லலாம். அப்ப பேஸ்புக்ல ஓஃபர் போட்டு வாங்க வாங்க எண்டு கூப்பிட்டது ஆர? கொழும்பில இருந்தும் கண்டியில இருந்தும் நம்மட ஊருகள்ள இருந்தும் வேன் புடிச்சுப் போன குடும்பங்களத்தானே. அந்த வேன்கள்ளயும் ஒரு அம்மா இருந்திருப்பா. சேர்விஸ் சார்ஜ் 10 வீதமும் வற் வரி 18 வீதமும் நம்மட பில்லிலயும்தான் விழுது, தமிழ் கதைக்கிறாக்கள் எண்டு கழிச்சு விடுறாங்களா?

வெளிநாட்டுக்காரர் நம்மட சாப்பாடு தின்னமாட்டாங்க எண்டதும் பொய். சுனாமிக்குப் பிறகு, 2005ல, எங்கட கல்லடி வீட்டுல மிஞ்சி நிண்ட ஒரு அறையில உதவிக்கு வந்த ரெண்டு வெள்ளக்காரப் பிள்ளைகள் தங்கினாங்க. கட்டில் இல்ல, பன்புல்லில இழைச்ச பன்பாய்தான். அம்மா விடியப் பிட்டும் சொதியும் வச்சா, பின்னேரம் சட்டியில தயிர் வாங்கிச் சீனி போட்டுக் குடுத்தா. போற அண்டைக்கு அதுல ஒரு பிள்ள அம்மாவக் கட்டிப் புடிச்சு அழுதிச்சு. மட்டக்களப்புக்குப் போனா பாயோட ஒட்டிருவாங்க, திரும்பிப் போக மனம் வராது எண்டு வெளிய சொல்றாங்களே, அந்தக் கதை உண்மையா நடந்து நான் பாத்தது அண்டைக்குத்தான்.

ஹோட்டல் சமையல்ல இருக்கிற கூட்டாளி ஒருத்தன் சொன்னான், எத்தின பேர் வருவாங்க எண்டு தெரியாம சோறு ஆக்கினா கொட்டணும், கறி உடன வைக்கேலாது எண்டு. அவன் சொல்றதிலயும் ஞாயம் இருக்கு. ஆனா டவுன்ல சின்னச் சாப்பாட்டுக் கடைகள் தினமும் பதினொண்டரைக்கு முதல் சோறும் மீனும் ரெண்டு மரக்கறியும் வச்சிருதே, அத்தின பேர் வேல செய்யிற குசினியில ஏலாதா? மனம் இல்ல, அதுதான்.

இன்னொண்டச் சொல்லாம விட்டா எனக்கு நித்திர வராது. நாங்க தங்கின ஹோட்டல்ல ஒரு பழைய தோணிய நடுவால அறுத்து நிமித்தி வச்சு, அதுல தட்டடிச்சுச் சாராயப் போத்தல் அடுக்கியிருந்தாங்க. ஊர்த் தோற்றம் வரட்டும் எண்டு வச்சதாம். அம்மா அதுட விளிம்பத் தொட்டுப் பாத்துக்கொண்டே நிண்டா. அப்பாட தோணி 2004 டிசம்பர் 26ல போனது, ஒரு பலகை கூட மிஞ்சல்ல. அம்மா ஒண்டும் சொல்லல்ல, "நல்ல மரம்" எண்டு மட்டும் சொன்னா.

ஊரக் காட்டுறதுக்கு வேற வழி இருக்கு. 1969ல பென்தோட்டையில கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டின ஹோட்டல்ல வரவேற்பு மண்டபத்துக் கூரை முழுக்க எனா டி சில்வா எண்ட கலைஞர் செஞ்ச, மெழுகு வச்சுச் சாயம் போடுற பத்திக் துணி, இந்த நாட்டுக் கை வேல. அதப் பாக்கவே ஆக்கள் போனாங்க. நமக்கு மருதமுனைத் தறி இருக்கு, பன்பாய் இழைக்கிற ஆக்கள் இருக்காங்க. அந்த ரூம்ல தலகாணி உறையில இருந்து யன்னல் சீலை மட்டும் ஒண்டு கூட நம்மட கையால நெய்ததில்ல.

"உனக்கு அபிவிருத்தி புடிக்கல்ல, நம்மட பொடியன்மார்ட தொழில்ல மண் போடுற" எண்டும் எழுதியிருக்கீங்க. என்ட தம்பி ஹோட்டல் தொழில்லதான் கட்டார்ல கிடக்கான். இஞ்ச நல்ல ஹோட்டல் வந்து அவன் அம்மாட்டத் திரும்பி வரணும் எண்டு நேந்துகொண்டிருக்கிற குடும்பம் இது. அந்தக் கொமன்ட எழுதினவர் இத வாசிச்சா அழிச்சிருங்க.

வீடியோல இருந்த அம்மாவ ஆருக்காவது தெரிஞ்சா எனக்கு மெசேஜ் போடுங்க, பேர் வெளிய வராது. வீடியோவ என்ட அம்மாவுக்குக் காட்டினன், ரெண்டு தரம் பாத்துட்டு "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா மனே, பார மீன் வாங்கி வைக்கிறன்" எண்டா.